கட்டங்கள் பதினாறு, கோர் எட்டு

என் வேலை என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்வதானால், பெரிய கம்ப்யூட்டர்கள் எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்த்துச் சொல்வது. லாரிக்கு இத்தனை டன்தான் ஏற்றலாம் என்று சொல்கிற மாதிரி. சொந்தக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள். அடுத்த நிமிஷமே, "எங்க ஊட்டு பிரிண்டர் ஓட மாட்டேங்குது கண்ணு, வந்து ஒரு எட்டுப் பாக்கறியா?" என்பார்கள். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து தலை நரைக்கிற வரைக்கும் இதே கதைதான்.

பிராசஸர் என்பது கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடுகிற சில்லு. முன்பெல்லாம் ஒரு சில்லுக்குள் ஒரு கோர்தான், அதாவது வேலை செய்கிற ஆள் ஒருவர்தான். பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று ஒரே சில்லுக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஹைப்பர்த்ரெடிங் என்பது அதற்கும் மேலே ஒரு கெட்டிக்காரத்தனம். ஒரு கோர் வேலை செய்யும்போது, அதற்கு வேண்டிய தகவல் மெமரியிலிருந்து வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அதுவரைக்கும் கோர் சும்மா நிற்கும். சும்மா நிற்பானேன், அந்த இடைவெளியில் இன்னொரு வேலையைக் கொஞ்சம் பார்க்கட்டுமே என்று இரண்டு வேலைகளை அதன் கையில் ஒரே நேரத்தில் கொடுத்துவைப்பார்கள். அதனால் ஒரு கோர், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டாகத் தெரியும். கம்ப்யூட்டரே அதை இரண்டு என்றுதான் எண்ணும்.

இந்த எண்ணிக்கையில் ஏமாறாதவர்கள் குறைவு. திருப்பூர்ப் பக்கம் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு முதலாளி எங்கள் வாடிக்கையாளர். அவருடைய சர்வர் மெதுவாக ஓடுகிறது என்று என்னை நேரில் வரச் சொல்லியிருந்தார். திரையில் பதினாறு சின்னக் கட்டங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவர் விரலால் எண்ணினார்.

"ஏனுங்க, பதினாறு தறி ஓடுது. மீட்டரைப் பாத்தா பாதிதான் காட்டுது. மீதி பாதி சும்மாதான நிக்குது? பில்லுப் போடற வேலையையும் இதுலயே ஏத்திப்போடுங்க."

"தறி பதினாறுங்க. ஓட்டற ஆளு எட்டுத்தான். ஒருத்தரு ரெண்டு தறி பாக்கறாருங்க. மீட்டர் பாதி காட்டுதுன்னா எட்டுப் பேரும் கையொழியாம நிக்கறாங்கன்னு அர்த்தங்க. இதுக்கு மேல ஏத்துனா கொஞ்சம் ஓடும், அப்பறம் எல்லாமே சேந்து நொண்டும்."

அவர் சட்டென்று புரிந்துகொண்டார். தறிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பாதி காலியாகத் தெரிகிற எந்திரம் உண்மையில் நிறைந்துபோயிருக்கலாம் என்று அன்றைக்கு நான் பெரிய மனுஷியாகப் பாடம் நடத்திவிட்டு வந்தேன்.

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது அதற்குப் பிறகுதான். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. எல்லாவற்றையும்விட மோசம், தொண்டை. நாமெல்லாம் நினைக்காமலே விழுங்குகிறோம் அல்லவா, அது அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் எங்களை நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும். தாடையைக் கீழே தாழ்த்தச் சொல்ல வேண்டும். அரை ஸ்பூன் கஞ்சி. தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். டிவி கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது. தவறினால் சோறு வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். அப்படிப் போனால் இந்த வயதில் ஆள் தேறுவது கஷ்டம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். நல்ல பெண், பூசி மெழுகவில்லை.

அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கணவருக்கு மில் மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. காலையில் அவிநாசிப் பக்கம் போனால் இருட்டின பிறகுதான் வருவார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். பகலுக்கு ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். பொறுமைசாலி. மாமாவுக்கு ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தாலும் முகம் சுளிக்க மாட்டார். மகளுக்குப் பிரசவம் என்று கொடுமுடிக்குப் போனவர், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, இனி வர முடியாது என்று போனில் சொல்லிவிட்டார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் நானே பார்க்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

மத்தியானம்தான் எங்கள் கம்பெனியில் எல்லாக் கூட்டமும் வைப்பார்கள். எந்தப் புண்ணியவான் அந்த நேரத்தைக் கண்டுபிடித்தானோ தெரியாது. மாமாவின் கட்டிலை ஒட்டி ஒரு மேசை போட்டு அதில் லேப்டாப்பை வைத்தேன். காதில் ஹெட்செட், கையில் ஸ்பூன். அவர்கள் பேசும்போது மைக்கை அணைத்துவிட்டு ஊட்டுவேன். என் முறை வந்தால் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பேசுவேன். பேசி முடித்துத் திரும்பினால் மாமா அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருமலும் இல்லை, புரையேறலும் இல்லை. சில வாரம் இப்படியே நன்றாக ஓடியது. எனக்கே ஆச்சரியம். எப்படியோ சமாளிக்கிறேனே என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஓர் அமாவாசை நாளில் என் கணவரின் அக்கா குடும்பத்தோடு ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு, வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை நான் நங்கை என்று கூப்பிடுவது. சோமனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த இடம். வீட்டை ஒட்டியே விசைத்தறிச் செட். அவர்கள் வந்தது நான் ஊட்டிக்கொண்டிருந்த நேரம். கணவரும் அன்றைக்கு லீவு போட்டிருந்தார், ஒறம்பரை, விருந்தாள் வருகிறார்களே என்று கடைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். நான் ஹெட்செட்டோடு ஆங்கிலத்தில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே கஞ்சிக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்ததை எல்லோரும் வாசற்படியில் நின்று பார்த்தார்கள்.

"யம்மாடி, ரெண்டு ஆளு வேலையை ஒத்தை ஆளாப் பாக்கறா பாருங்க" என்று நங்கை நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார். கோயில் குங்குமம் எடுத்து என் நெற்றியில் வைத்தார். எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கூட்டம் முடிந்து, எல்லோருக்கும் டீ கொடுத்தபோது பேச்சை எடுத்தேன். கணபதி ஏரியாவில் தெரிந்தவர்கள் மூலம் ஓர் ஆள் கிடைத்திருக்கிறது, வருகிற வாரம் வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நங்கையின் முகம் மாறியது.

"எதுக்கு கண்ணு? ஊட்டுல நீ இருக்கறப்ப வெளியாளு கையால எங்கப்பன் திங்கோணுமா? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நங்கைங்க, நான் ஊட்டுல இருக்கறது வேலை பாக்கறதுக்குங்க."

"உக்காந்த வேலைதான? எங்க செட்டுல வந்து பாரு. ஒரு ஆளு எட்டுத் தறி பாக்கறான். நின்னுட்டே, ஓடியோடிப் பாக்கறான். நீ ரெண்டு பாக்கறதுக்கு இன்னொரு ஆளு கேக்கறயே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எங்கள் பக்கம் வேலை என்றால் உடம்பு அசைய வேண்டும், வேர்க்க வேண்டும். ஒருத்தி ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால் அவள் பாதி சும்மா இருக்கிறாள் என்றுதான் எல்லோர் கண்ணுக்கும் படும். அந்தப் பாதியில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். படித்தவன் படிக்காதவன் வித்தியாசமில்லை, என் கணவருக்கும் அப்படித்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விடவில்லை.

"உங்க தறியில ஊடை நூலு அறுந்தா என்னாகுமுங்க?"

"தறி தானா நின்னுக்கும்."

"ஆளு வர்ற வரைக்கும் நிக்குமுங்களா?"

"பின்னே? போய் முடிச்சுப் போட்டு எடுத்துவுட்டா மறுபடி ஓடுது."

"அதாங்க. அது நிக்கும். அதனாலதான் ஒரு ஆளு எட்டுத் தறி பாக்க முடியுது. கம்ப்யூட்டர்லயும் அப்படித்தாங்க. ஒரு கோர் ரெண்டு வேலை பாக்குதுன்னா, ஒண்ணு காத்திருக்கற நேரத்துல இன்னொண்ணைப் பாக்குது. காத்திருக்க முடியற வேலைக்குத்தான் அந்தக் கணக்கு. மாமாவுக்குத் தொண்டையில சிக்குனா, இருங்க பேசிட்டு வாரேன்னு சொல்ல முடியுமுங்களா?"

நங்கை டீ டம்ளரைக் கீழே வைத்தார். புரிந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அப்புறம் என் கணவர், அக்கா குடும்பத்துக்கு முன்னால் பெண்டாட்டி பேச்சு நீள்கிறதே என்ற கூச்சமோ என்னவோ, "இப்பத்தான் நல்லாப் போயிட்டிருக்குதே. ஏதாச்சும் ஆனா அப்பறம் பாத்துக்கலாம்" என்று முடித்துவிட்டார். நங்கை என் தலையைத் தடவி, "நீ கெட்டிக்காரி அம்மணி, உன்னால ஆகும்" என்றார். புகழ்ச்சியிலேயே ஆளைக் கட்டிப்போடுகிற வித்தை எங்கள் சனத்துக்குக் கைவந்தது. கணபதி ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மழைக்காய்ச்சல் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் மூச்சு இரைத்தது. உதடு கறுத்துப்போயிற்று. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படமெடுத்துப் பார்த்த டாக்டர் எங்களை உட்காரவைத்து, சாப்பாடு நுரையீரலுக்குள் போயிருக்கிறது, ஒரே நாளில் போனதல்ல, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது என்றார்.

"சாப்பிடறப்ப இருமுவாருங்களா?"

"இல்லீங்க."

"வாயில அடக்கி வெச்சுக்குவாருங்களா? அப்படி வெச்சிருந்தா அது மெல்ல உள்ள எறங்கும். இருமல்கூட வராது."

"இல்லீங்க டாக்டர். ஸ்பூன் காலியாத்தான் வரும். நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

சேதி கேட்டு ஓடிவந்திருந்த நங்கை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாத்தான பாத்துட்டிருந்தே கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் லேப்டாப்பைத் திறந்தேன். வேறு வழியில்லை, அன்றைக்கு ஒரு சர்வர் மாற்றம் இருந்தது. மேலதிகாரி கூப்பிட்டு இன்னொரு வேலையையும் பார்க்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றேன். "ஓ, பச்சையாத் தெரிஞ்சுதுங்க, அதான் ஃப்ரீயா இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் காலி என்று கணக்கு. அட போங்கப்பா என்று மூடிவைத்துவிட்டு, அந்த நாற்காலியிலேயே தலையைக் குனிந்து அழுதேன். மாமா செத்துப்போவார் என்று அப்போது உறுதியாக நம்பினேன். அதுவும் என் கையால் ஊட்டிய கஞ்சியாலேயே.

அவர் சாகவில்லை. மூக்கில் குழாய் வைத்து, மருந்து ஏற்றி, மெல்ல மெல்லத் தேறினார். எலும்பும் தோலுமாக இருந்தார். சாதாரண அறைக்கு மாற்றி, குழாயை எடுத்துவிட்டு, வாய் வழியாக மறுபடி கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். "நான் ஊட்டறேன்" என்று நங்கை கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். என் கையில் கொடுக்க அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது. கோபித்துக்கொள்ள எனக்கும் தெம்பில்லை. வெந்நீர் பிடிக்க ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வரும்போது கதவு பாதி திறந்திருந்தது. நங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தார். "பாவு நூலு தீந்துபோச்சா? யாரைக் கேட்டு வண்டியை அனுப்புனீங்க? இரு, இரு, நான் சொல்றேன்" என்று செட்டோடு பேசிக்கொண்டிருந்தார். ஸ்பூன் கிண்ணத்துக்குள் நின்றது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

நான் மாமாவைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது. தொண்டை அசையவில்லை. கண் மட்டும் மகளின் முகத்தை விட்டு விலகாமல் நின்றது. அவர் விழுங்கவில்லை. மகள் பேசி முடிக்கிற வரைக்கும் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் பேசி முடித்துத் திரும்பும்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை. அமைதியாக இருக்கிறார் என்று நினைத்தேனே, அந்த அமைதி.

"நங்கைங்க, போனை வையுங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. கத்திச் சொன்னேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவருக்கும் அந்தக் கன்னம் தெரிந்தது.

"அப்பா! முழுங்குங்கப்பா!"

மாமா நன்றாக இருக்கிற இடது கையைக் கொஞ்சம் தூக்கி, நீ பேசு, பேசு என்று போனைக் காட்டினார்.

நங்கை போனை அணைத்துக் கட்டிலில் போட்டார். நான் மாமாவின் தாடையைப் பிடித்துக் கீழே தாழ்த்தினேன். நானும் நங்கையும் அவர் தொண்டையையே பார்த்தோம். தொண்டை ஒருமுறை ஏறிப் பாதியில் நின்று, மறுபடி ஏறி இறங்கியது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், காலியாக இருந்தது.

"இப்படித்தான் எங்க ஊட்டுலயும் வெச்சிருந்தீங்களா மாமா?" என்று கேட்டேன். "நான் பேசறப்பவெல்லாம்?"

தலையசைத்தார்.

நங்கை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏப்பா இப்படிப் பண்ணுனீங்க? ஒரு சத்தம் குடுத்திருக்கலாமல்லப்பா? கையைப் புடிச்சு இழுத்திருந்தா என்ன?"

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு வார்த்தை எடுப்பதற்கே நேரம் பிடிக்கும். நாங்கள் காத்திருந்தோம். என்னைக் கையால் காட்டி, குழறிக் குழறித்தான் சொன்னார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"பாவம், எப்படிக் கூப்புடறதுங்க? அம்மணி ஒத்தை ஆளுதானுங்களே."